கப்பல் மேல் போட்ட பழி

ஆத்தா,

நீ ரயிலேறி நான்கு நாள் ஆகிறது, மகளே. ஞாயிற்றுக்கிழமைதான் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பும் என்று சொன்னாய். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் எனக்குப் பேச்சு வராதென்று உனக்குத் தெரியும். "சாப்பிட்டியா, தூங்குனியா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை நான் உன்னிடம் போனில் பேசியதாக ஞாபகம் இல்லை. இருபது வருஷம் காதால் கேட்கிற வேலை பார்த்தவன் நான். சொல்கிற வேலை எனக்குப் புதிது, அதனால் கொஞ்சம் முன்பின்னாக வரும். பொறுத்துக்கொண்டு வாசி.

அம்மா உன்னோடு இன்னும் பேசவில்லை. நீ கிளம்பிய அன்று சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நீ வெளியே பையை வைத்துக்கொண்டு, "அம்மா, போயிட்டு வாரேன்" என்று மூன்று தடவை சொன்னாய். கதவு திறக்கவில்லை. முந்தின நாள் சாப்பாட்டு வேளையில் அவள் சொன்னது உன்னை எப்படித் தைத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். "வேற எந்தக் கப்பல்ல வேணும்னாலும் போ. எம் மொதப் புள்ளயத் தின்ன கப்பல்ல மட்டும் ஏறாத." நீ, "கப்பல் என்னம்மா செய்யும்?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாய். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் தட்டில் கிடந்த ரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பன் ஒரு கோழை, ஆத்தா. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பெரிய கடிதம்.

உனக்கு அந்தக் கப்பலை வெள்ளையாகத்தான் தெரியும். எனக்கு அது சாம்பல் நிறம். நான் முதன்முதலாகப் பார்த்தபோது, இது என்ன கடற்படைக் கப்பல், ஒரு பீரங்கிகூட இல்லையே என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதற்குச் சுட வேண்டிய வேலையே கிடையாது. பின்பக்கம் ஒரு பெரிய உருளை, அதில் சுற்றிய கேபிள். நம் வீட்டிலிருந்து அமராவதிபுதூர்க் கண்மாய்க் கரை வரைக்கும் இழுத்துப் போடலாம், அவ்வளவு நீளம். அந்தக் கேபிளுக்குள் வரிசையாகக் காதுகள். அதைக் கடலுக்குள் இறக்கிவிட்டு, ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் கப்பல் போகும். ஒரு பக்கம் போய், திரும்பி, மறுபடி இந்தப் பக்கம் வரும். வயலில் உழுகிற மாதிரிதான். எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியாமல் கீழே நீர்மூழ்கியில் யாராவது வந்து போகிறார்களா என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். எங்கள் சத்தம் எங்கள் காதுகளுக்கே இடைஞ்சல் என்பதால் எஞ்சினைக்கூட ரப்பர் மேல் உட்கார வைத்திருந்தார்கள். நாங்கள் ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு நடப்போம். தட்டை மேசையில் மெதுவாக வைப்போம். எவனாவது கரண்டியைக் கீழே போட்டுவிட்டால் எல்லோரும் அவனை முறைப்போம். பச்சைப்பிள்ளை தூங்குகிற வீட்டில் நடமாடுகிற மாதிரி மாதக்கணக்கில் இருந்தோம்.

கேட்கும் அறையில் ஜன்னல் கிடையாது. உள்ளே போனால் பகலா இரவா என்று தெரியாது. ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிவிட்டால் உடம்பு நாற்காலியில் இருக்கும், ஆள் தண்ணீருக்குள் இருப்பான். கடல் ஒருபோதும் சும்மா இருப்பதில்லை, ஆத்தா. இறால் கூட்டம் கடுகு பொரிவதுபோலப் பொரியும். மேலே மழை பெய்தால் கீழே அது வேறு மாதிரி கேட்கும், யாரோ வெகுதூரத்தில் நெல்லைக் கொட்டிக்கொண்டே இருப்பதுபோல. ஏதோ ஒரு தேசத்துக்கு ஏதோ ஒரு சரக்கை ஏற்றிக்கொண்டு போகிற கப்பலின் அடி விசிறிச் சத்தம், வரவர மெலிந்து, இல்லாமல் போகும். இருபது வயது வரைக்கும் கடலையே பார்த்திராத செம்மண்காட்டு ஆள் நான். அந்த அறையில் உட்கார்ந்து, நம் புஞ்சையில் நான் நடப்பதாகவும் மண்ணுக்கு அடியிலிருந்து யாரோ என்னைக் கூப்பிடுவதாகவும் பல நாள் கண்டிருக்கிறேன். கனவு என்றும் சொல்ல முடியாது, நான் விழித்துத்தான் இருந்தேன். லீவில் வீட்டுக்கு வந்தால் இது அப்படியே தலைகீழாகும். முகப்பில் பாயைப் போட்டுப் படுத்தால் காதில் கடல் ஓடும். உன் அம்மா ஒருநாள் சொன்னாள்: "வீட்டுக்கு வந்து எட்டு நாளாச்சு, நீக இன்னும் வந்து சேரலையே."

திமிங்கிலமும் கேட்கும். அடிக்கடி கேட்கும். ஆனால் எங்களுக்கு அது வேண்டாத சத்தம். லாக் புத்தகத்தில் நேரத்தைப் போட்டு, 'உயிரினம்' என்று எழுதி, பக்கத்துக் கட்டத்தில் 'விலக்குக' என்று எழுதி, கீழே எங்கள் சுருக்கக் கையெழுத்தைப் போட வேண்டும். வேலை முடிந்தது. அந்த மாதிரி எத்தனை பாட்டை நான் ஒதுக்கித் தள்ளியிருக்கிறேன் என்று கணக்கே கிடையாது.

இனி சொல்ல வந்ததற்கு வருகிறேன். உனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்தான், ஒன்பது நாள் இருந்தான், நான் வருவதற்குள் போய்விட்டான் என்பது வரைக்கும் உனக்குத் தெரியும். பிரசவத்துக்கு அம்மா கண்டரமாணிக்கத்தில் அவள் பிறந்த வீட்டில் இருந்தாள். எங்கள் கப்பலுக்கு வெளியேயிருந்து செய்தி வரும். ஆனால் நாங்கள் இருக்கிற இடம் தெரிந்துவிடும் என்பதால் பதில் அனுப்ப முடியாது. 'ஆண் குழந்தை, இருவரும் நலம்' என்று செய்தி வந்தது. சமையல் பார்த்த காசிம், புதுவயல்காரன், எனக்கு உயிர்ச் சிநேகிதன், கப்பல் முழுக்கக் கேசரி கிண்டிக் கொடுத்தான். நான் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் என் மனசு முழுக்க வேறொன்றில் இருந்தது.

ஒரு வாரமாக நான் ஒரு சத்தத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தேன். ரொம்பத் தாழ்ந்த சத்தம். காதில் விழுவதற்கு முன்னால் நெஞ்சில் விழும். கொஞ்ச நேரம் நீண்டு, நிற்கும். பிறகு அச்சுப் பிசகாமல் அதே இடைவெளி விட்டு மறுபடி வரும். நான் அதுவரை கேட்டிருந்த திமிங்கிலங்கள் ஏறி இறங்கிப் பாடும். இது ஒரே சீராக இருந்தது. இப்படி இடைவெளி தவறாமல் வருவதென்றால் எந்திரமாகத்தான் இருக்க வேண்டும், எவனும் கேட்டிராத புது நீர்மூழ்கியாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். மற்ற ஷிப்டில் இருந்தவர்களுக்கு அது சரியாகப் பிடிபடவில்லை. என் காதுக்குத்தான் அகப்பட்டது. அந்தக் கர்வம் இருக்கிறதே, அது சாப்பாட்டைக்கூட மறக்கடிக்கும்.

குழந்தை பிறந்த நாலாம் நாள் இன்னொரு செய்தி வந்தது. 'குழந்தைக்கு உடம்பு சரியில்லை, உடனே வரவும்.' மறுநாள் காலை தண்ணீரும் காய்கறியும் கொண்டுவருகிற கப்பல் வரவேண்டிய முறை. கேப்டன் என்னைக் கூப்பிட்டு, அதில் ஏறி ஊருக்குப் போ என்றார். வடநாட்டுக்காரர், அதிகம் பேசாத மனுஷன். லீவு சீட்டில் கையெழுத்தே போட்டு வைத்திருந்தார். நான் அவர் முன்னால் விறைப்பாக நின்றுகொண்டு, "வேண்டாம் சார், பிறந்த குழந்தைக்கு இதெல்லாம் சகஜம், நான் இருந்து இதைக் கண்டுபிடித்துவிட்டுப் போகிறேன்" என்றேன். அவர் இன்னொரு தடவை கேட்டார். நான் இன்னொரு தடவை வேண்டாம் என்றேன்.

காசிம் கேள்விப்பட்டுக் கரண்டியோடு ஓடிவந்தான். "மாப்ள, கோட்டி புடிச்சிருச்சா ஒனக்கு? ஏறிப் போயிருடா. கடலு எங்குட்டும் போயிறாது" என்றான். நான் அவனைத் தள்ளிவிட்டுக் கேட்கும் அறைக்குள் போய்விட்டேன். அந்தச் சாமான் கப்பல் எங்களை விட்டுப் பிரிந்து போகிற விசிறிச் சத்தத்தை நான் ஹெட்போனில் கேட்டேன். போவது தெளிவாகக் கேட்டது. அதுகூட எனக்கு இடைஞ்சலாகத்தான் இருந்தது. எப்போது தொலையும், என் சத்தம் எப்போது மறுபடி கிடைக்கும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று நாள் கழித்துப் பிற்பகலில் அந்தச் சத்தம் கிட்ட வந்து சட்டென்று நின்றது. மேலே தொலைநோக்கியோடு நின்ற அதிகாரி கீழே வந்து, "உன் நீர்மூழ்கி மூச்சு விடுகிறது, போய்ப் பார்" என்று சொல்லிச் சிரித்தார். ஓடினேன். வெயில் தண்ணீரில் தகதகத்தது. நீலமும் சாம்பலும் கலந்த ஒரு முதுகு மெதுவாக எழுந்து, முடிவே இல்லாமல் நீண்டு, மெதுவாக உள்ளே போனது. ஆளுயரத்துக்கும் மேலே மூச்சு எழும்பிக் காற்றில் கலைந்தது. எத்தனை பெரிய உயிர், எவ்வளவு அவசரமில்லாமல் இருந்தது! நான் அசடு வழிந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன், ஆத்தா. இத்தனை வருஷமாக என்னை அறுப்பது அதுதான். கீழே போய் 'உயிரினம், விலக்குக' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மறுநாள் மூன்றாவது செய்தி வந்தது.

அன்றைக்கு அந்தச் சாமான் கப்பலில் ஏறியிருந்தால் எட்டாம் நாள் காலை காரைக்குடியில் இறங்கியிருப்பேன். ஆஸ்பத்திரியில் ஒரு பகலும் ஓர் இரவும் அவனோடு இருந்திருப்பேன். நான் வந்திருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்லவில்லை, டாக்டராலேயே முடியவில்லை. அவனை ஒரு தடவை தூக்கியிருப்பேன். உன் அம்மா தனியாக உட்கார்ந்திருக்க மாட்டாள்.

நான் கண்டரமாணிக்கம் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து பல நாள் ஆகியிருந்தது. உன் மாமா வாசலிலேயே மறித்து, "சேதி வந்துச்சா இல்லையா, மாப்பிள்ள?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் கதவைப் பிடித்துக்கொண்டு உன் அம்மா நின்றாள். கண் மட்டும்தான் இருந்தது முகத்தில். நான் வாயைத் திறந்தேன். "வந்துச்சு. எறங்க விடமாட்டேன்னுட்டாக. ரகசிய வேலை" என்று வந்தது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை, அதுவாக வந்தது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் அதைத் திரும்ப வாங்கவில்லை, அது நான் யோசித்துச் செய்ததுதான். வீட்டில் எல்லோரும் எனக்காக உருகினார்கள். "பாவம், பெத்த புள்ளயப் பாக்க விடலையே, படுபாவிக" என்று சொல்லி எனக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் வாங்கிக் குடித்தேன். உன் அம்மா தன் துக்கத்தை எல்லாம் அந்தக் கப்பல் மேலும் முகம் தெரியாத அந்தக் கேப்டன் மேலும் கொண்டுபோய்ப் போட்டாள். என்மேல் ஒரு துளி விழவில்லை. சீருடையில் நான் கப்பல் முன்னால் நிற்கிற படத்தை ஒருநாள் கத்தரிக்கோலால் வெட்டி, என்னை மட்டும் சட்டத்தில் போட்டு மாட்டினாள். இன்னும் சுவரில் இருக்கிறது, நீ பார்த்து வளர்ந்ததுதான்.

கப்பலுக்கும் வயசாகியது. வேறு விதமாகக் கேட்கிற வசதிகள் வந்த பிறகு அதற்கு வேலை இல்லாமல் போய், துறைமுகத்து ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அதற்குள் நானும் ஓய்வு வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்து, வயலையும் பார்த்துக்கொண்டு மோட்டார் ரிப்பேர் கடையும் போட்டிருந்தேன். நீதான் கேலி செய்வாயே, சாக்கோட்டையிலிருந்து யாராவது போனை மோட்டார் பக்கத்தில் பிடித்தால் போதும், அப்பா இங்கேயிருந்தே பேரிங் போய்விட்டது என்பார் என்று. நீ பத்தாவது படிக்கும்போது பேப்பரில் ஒரு வெள்ளைக் கப்பல் படம் வந்தது. கடலடியை அளக்கவும் கடல் உயிர்களை ஆராயவும் புதுப்பித்த கப்பல் என்று போட்டிருந்தார்கள். பெயரை மாற்றியிருந்தார்கள், நிறத்தை மாற்றியிருந்தார்கள். மூக்கைப் பார்த்து நான் கண்டுகொண்டேன். "அப்பா, நீக இதுலயா இருந்தீக?" என்று கேட்டுவிட்டு நீ அந்தப் பேப்பரை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாய். அம்மா இல்லாத சமயமாகப் பார்த்து நீ கேட்பாய், நானும் இறால் பொரிகிற கதையையெல்லாம் சொல்வேன். கடல் படிப்புக்கு உன்னைத் தள்ளிவிட்டவன் நான்தான். நாட்டில் அந்த வேலைக்கென்று இருக்கிற கப்பல்கள் சிலதான், ஒருநாள் நீ இதில்தான் போய் நிற்பாய் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் இருந்தது.

போன மாதம் நீ வந்து சொன்னாய்: "பழைய காலத்துப் பதிவெல்லாம் இப்பத் தொறந்து விட்டுட்டாங்கப்பா. 'உயிரினம், விலக்குக'ன்னு எழுதித் தள்ளுனது பூராம் எங்களுக்குப் பொக்கிஷம். அதே எடத்துக்குப் போயி, அந்தத் திமிங்கிலம் இப்பவும் அப்பிடியே பாடுதான்னு கேக்கப் போறோம்." நான் வெற்றிலையை மடித்துக்கொண்டே தலையை ஆட்டினேன். நீ அந்த லாக் புத்தகங்களைத் திருப்புவாய். உன் அண்ணன் செத்ததற்கு முந்தின நாள் தேதியில் என் சுருக்கக் கையெழுத்து இருக்கும். பக்கத்திலேயே லீவு ஏட்டில், கேப்டன் அனுமதித்தார், மாலுமி மறுத்தார் என்று இருக்கும். நீ கூர்மையான பெண், கூட்டிப் பார்த்துவிடுவாய்.

பிடிபடப் போகிறோம் என்ற பயத்தில்தான் எழுத உட்கார்ந்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் எழுத எழுத வேறொன்று உறைத்தது. உன் அம்மா சாத்திய கதவுக்கு வெளியே நீ நின்றாயே, அந்தக் கோபம் உனக்குரியது இல்லை, கப்பலுக்குரியதும் இல்லை. எனக்கு வந்து சேர வேண்டியது, விலாசம் மாறி உன்னிடம் வந்துவிட்டது. உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய புத்திமதி எதுவும் கிடையாது. வேலையில் உனக்கு ஒன்று பிடிபடும், உலகத்தில் வேறு யாருக்கும் அகப்படாததாக இருக்கும். அந்த நேரம் பார்த்துக் கரையிலிருந்து யாராவது கூப்பிடுவார்கள். போய்விடு. உன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து கேட்பார். அப்புறம், தப்புச் செய்துவிட்டால் முதல் நாளே வாயைத் திறந்துவிடு. ஒரு வாரம் போனால் அது வீட்டில் ஒரு சாமானைப் போல ஆகிவிடும், எல்லோரும் அதைச் சுற்றி நடக்கப் பழகிக்கொள்வார்கள்.

இதுவரைக்கும் நேற்று எழுதினேன். கூரியரில் போடுவதற்கு முன்னால் அம்மாவுக்கு வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். உனக்குத் தெரிந்து அவளுக்குத் தெரியாமல் இருந்தால் அது இரண்டாவது துரோகம். இன்று காலை அவள் வளவு முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து வாசித்தேன். சாமான் கப்பல் வருகிற இடத்தில் அவள் கை நின்றது. பிறகு மறுபடி உருவ ஆரம்பித்தாள். நான் முடித்த பிறகும் கடைசிக் கொத்து வரைக்கும் உருவி முடித்தாள்.

"கேப்டன் போகச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"ரெண்டு தடவ சொன்னாரா?"

"ஆமா."

"அந்த மனுசன நான் எத்தன வருசமா மண்ண வாரித் தூத்தியிருக்கேன். அவுக புள்ளகுட்டியாச்சும் நல்லா இருக்கட்டும்" என்றாள். அப்புறம், "அவ போகட்டும். சாயந்தரம் நானே அவகிட்டப் பேசுறேன். பாவம், அவ என்ன செஞ்சா" என்றாள். அதைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. என்னை ஒரு பொருட்டாகப் பார்க்காமல், "அந்தச் சத்தம் எப்படித்தான் இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் தொண்டையைத் தாழ்த்தி, நெஞ்சுக்குள்ளிருந்து முனகிக் காட்டினேன். இந்த வயதில் வளவில் உட்கார்ந்து திமிங்கிலம் மாதிரி முனகினேன், ஆத்தா. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி முனகினேன். அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இது இல்ல. இதுக்காக ஒரு மனுசன் நிக்க மாட்டான். அவ அதத் தேடி எடுத்துக்கிட்டு வரட்டும், நான் கேக்கணும். எம் புள்ள சத்தத்தவிட அது என்ன அப்பிடின்னு நான் கேட்டுப் பாக்கணும்."

கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் நடுவில் நின்றாள். "ஒம்பது நாளும் அவன நான் பேரு சொல்லித்தான் கூப்புட்டேன். காதுக்குள்ள, ஒருத்தருக்கும் தெரியாம. நீக வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன். நீக வந்தும் கேக்கல."

ஊரில் எல்லோரும் சொல்வதுபோல, பெயர் வைப்பதற்கு முன்னாலேயே போன பிள்ளை என்றுதான் நானும் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். "என்ன பேரு?" என்றேன்.

"மொதல்ல அந்தச் சத்தத்த நான் கேக்குறேன். அப்பறம் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

தேதியும் நேரமும் தனித் தாளில் எழுதி இத்தோடு வைத்திருக்கிறேன். என் சுருக்கக் கையெழுத்து உனக்குத் தெரியும். சீக்கிரம் தேடி எடுத்துக்கொண்டு வா, ஆத்தா. என் மகன் பெயர் எனக்குத் தெரிய வேண்டும்.

அப்பா